வாவிக்குள் ஓடிய வான்

2009 ஓகஸ்ட் 11, செவ்வாய்

இன்றைக்கும் வெள்ளைக்காரி என்னை வாவிக்குள் இறக்கிவிட்டாள். கல்லடிப் பாலத்தைக் கடக்கிறேன், திரையில் நான் ஓட்டுகிற வான் தண்ணீருக்குள் நிற்கிறது. பாலம் தாண்டி ஒழுங்கைக்குள் கிறுகி நுழைந்தால் அங்கேயும் நீல நிறம்தான். இயலுமான இடத்தில் திரும்பு, திரும்பு என்று இங்கிலீசில் மரியாதையாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எங்கே திரும்ப? இது என் ஊர். நான் நிற்பது கொங்கிறீட் றோட்டு.

வெள்ளைக்காரி என்பது வாகனத்தில் ஒட்டிவைக்கும் ஜி.பி.எஸ். பெட்டிக்கு ஸாலிஹா வைத்த பெயர். சுனாமி வீடு கட்ட வந்த நிறுவனம் போன மாதம் கந்தோரைப் பூட்டியது. அவர்களுக்கு ஜீப் ஓடிய எனக்கு அந்தப் பெட்டி. தகவல் பதிந்துகொண்டிருந்த ஸாலிஹாவுக்கு ஒரு பழைய மடிக் கொம்பியூட்டர். வேலை போனதற்குப் பரிசு.

பெட்டிக்குள் இருக்கிற படத்தில் கொழும்பு இருக்கிறது, கண்டி இருக்கிறது. மட்டக்களப்புக்கு ஒரே ஒரு பெரிய றோட்டு, மிச்சமெல்லாம் வெறுமை. சண்டை நடந்த இடமென்று றோட்டுக் கீற யாரும் வரவில்லையாம். குண்டு போடுகிறவர்களுக்கு மட்டும் வழி தெரிந்திருக்கிறது.

ஸாலிஹா சொல்கிறாள், இன்டர்நெட்டில் யாரும் தாங்களே வரையக்கூடிய ஒரு உலகப்படம் இருக்கிறதாம். பெட்டியைப் போட்டுக்கொண்டு வானை ஓட்டினால் போன வழி நூல் மாதிரி அதற்குள் பதியும். அந்த நூலைக் கொம்பியூட்டரில் எடுத்து றோட்டாக்கலாம். பிறகு அந்தப் படத்தையே பெட்டிக்குள் திருப்பிப் போடலாம்.

"நாமளே கீறுவம் அக்கா. ஆரைப் பாத்துக்கொண்டு இருக்கிற?"

காத்தான்குடிப் பிள்ளை. என்னைவிட நன்றாய் இளையவள். புருசன் கட்டாரில். பயம் என்கிற சாமானை எங்கேயோ மறந்து வைத்துவிட்டு வந்தவள்.

சரி. கீறுவோம்.


ஓகஸ்ட் 14, வெள்ளி

பெரிய மச்சான் வந்தார். என் புருசனுடைய தமையன், வினாயகமூர்த்தி. வந்தால் முதலில் வானைச் சுற்றி ஒரு தரம் நடப்பார், மாடு வாங்க வந்தவர் மாதிரி. டயரைக் காலால் தட்டுவார். அதற்குப் பிறகுதான் எனக்குச் சுகம் விசாரிப்பார்.

"நிறுவனத்தில ஓடினது வேற கதை சுலோ. அது வெள்ளைக்காரன்ர வாகனம். ஹயர் ஓடுறது வேற. அந்தப் பொடியன்மார் நிக்கிற ஸ்டாண்டில நீ போய் நிப்பியா?"

"நிப்பன் பெரிய மச்சான்."

"சனம் என்ன சொல்லும்?"

"சனத்துக்கு எங்க போகவேணுமெண்டு கேட்டு ஏத்திக்கொண்டு போவன்."

தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டார்.

அவர்மேல் எனக்கு முழுக்கோபமும் வராது. சுனாமி அன்றைக்கு இந்த வான் செங்கலடிக் கராஜில் பெயின்ட் காயக் கிடந்தது. அதனால் இவர் சைக்கிளில்தான் நாவலடிக்குப் போனார், மாமியைப் பார்க்க. தாயும் மகனும் ஒன்றாகப் போனார்கள். கதிர்காமத்தம்பி என்கிற மனிதனில் மிஞ்சியது இந்த வானும் நானும். பெரிய மச்சானுக்கு வான் போதும். நான் கொஞ்சம் மிச்சம்.


ஓகஸ்ட் 30, ஞாயிறு

மீன் அரிந்துகொண்டிருந்தேன். தெரியாத நம்பர். கையைத் துடைக்காமலே எடுத்தேன்.

"அக்கா, நான் அஜந்தா."

என் தங்கச்சியின் குரல் எனக்குத் தெரியாதா? தெரியவில்லை. யாரோ வயதான மனுசி பேசுகிறாள் என்று நினைத்தேன். சமாதான காலத்தில் கிளிநொச்சிக்காரனைக் கட்டிக்கொண்டு போனவள். சுனாமிக்கு வந்து என்னோடு ஒரு மாதம் கிடந்தாள். பிறகு பாதை பூட்டினார்கள். மே மாதம் சண்டை முடிந்தது என்று வெடி கொளுத்தினதிலிருந்து நான் இவளுக்கு விளக்கு வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இருந்தேன்.

"எங்க நிக்கிறாய்?"

"செட்டிகுளத்தில. முகாம்ல. எழிலும் நானும்."

"அவர்?"



"எழிலும் நானும், அக்கா" என்று திருப்பிச் சொன்னாள்.

எழில் அவளுடைய மகள். நான் இன்னும் காணாத பிள்ளை. போன் இரவலாம், யாரோ பறித்துக்கொண்டார்கள். மீனைப் பூனை கொண்டுபோனது. போகட்டும்.

உயிரோடு இருக்கிறாள். உயிரோடு இருக்கிறாள். உயிரோட இருக்காள்டி சுலோ!


செப்டெம்பர் 12, சனி

காத்தான்குடியில் ஸாலிஹா வீடு. கொம்பியூட்டரில் மட்டக்களப்பு என்று ஒரு முனை, செட்டிகுளம் என்று மறுமுனை. நடுவில் ஒரு பொத்தான். அமத்தினால் வழி வருகிறது. இவ்வளவுதானா? இத்தனை வருசம் போக முடியாத இடத்துக்கு ஒரு பொத்தானா என்று கோபம் வந்தது.

கிட்டிய பாதையென்று அது தந்தது வாகரை, வெருகல், திருகோணமலை வழி. ஸாலிஹா வாய்விட்டுச் சிரித்தாள். "மாரியில வெருகல் ஆத்துப் படகு நிண்டா ஆத்தை நீந்திப் போவமா அக்கா?" அதை வெட்டினோம். பிறகு பொலன்னறுவை, ஹபரணை, மதவாச்சி, வவுனியா. தூரம் கூட, ஆனால் தார் றோட்டு. எங்கே எண்ணெய் அடிப்பது, எங்கே பெண்கள் இறங்கக்கூடிய கக்கூஸ் இருக்கும், எங்கே சாப்பாடு — வெள்ளைக்காரிக்கு இதெல்லாம் தெரியாது. நாங்களே புள்ளி புள்ளியாக வைத்தோம்.

ஸாலிஹாவின் வாப்பா கச்சி முகம்மது கதவடியில் நின்று பார்த்தார். சாறன் வியாபாரி. சிங்களம் நன்றாகப் பேசுவார்.

"அந்தப் பெட்டியைக் கழட்டி வை மகள். குண்டு வைக்கிறவனும் இதத்தான் வச்சிருப்பான் எண்டு நினைப்பானுகள்."

"ஒளிச்சு வைச்சாத்தான் வாப்பா குண்டு. கண்ணாடியில ஒட்டி வைச்சா வழி கேக்கிற பெட்டி."

"உன்ட தர்க்கம் ஆமிக்காரனுக்கு விளங்கவேணுமே."

அதுவும் சரிதான். ஆனாலும் கழற்றமாட்டேன். எனக்கென்று ஒரு வழி பார்க்கக்கூட ஒளிக்கவேண்டுமா? ஒளித்து ஒளித்துத்தானே இவ்வளவு காலமும்.


செப்டெம்பர் 26, சனி

வாவிக்கு அக்கரை, படுவான்கரைக்குப் போனோம், றோட்டுக் கீற. மண்முனைத்துறையில் வானைப் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏற்றி வாவியைக் கடந்தபோது வெள்ளைக்காரி முதல் தடவையாக உண்மை சொன்னாள். திரையிலும் தண்ணீர், கீழேயும் தண்ணீர். ஸாலிஹா கைதட்டினாள்.

பழுகாமத்தில் ஒரு மனுசி வெயிலில் நடந்து போனா. ஏற்றிக்கொண்டோம். பெயர் புஸ்பம். பெட்டியைக் காட்டி என்னவென்று கேட்டா. நாங்கள் நிற்கிற இடத்தைக் காட்டும் என்றேன்.

"என்ர மகன் நிக்கிற இடத்தைக் காட்டுமா புள்ள?"

மகன் பிரதீஸ். வன்னிக்குக் கொண்டு போனார்கள். யார் கொண்டு போனது என்று நான் கேட்கவில்லை. இங்கே அதை யாரும் கேட்பதில்லை.

காட்டாது அம்மா என்றேன். அவ தலையாட்டினா, இதுவும் அப்படித்தானா என்கிற மாதிரி. செட்டிகுளத்துக்குப் போக வழி திறந்தால் ஏற்றிக்கொண்டு போவதாகச் சொன்னேன். சொல்லிவிட்டுப் பயந்தேன். பிறகு பயந்ததற்கு வெட்கப்பட்டேன்.

வீட்டில் வந்து நூலைக் கொம்பியூட்டரில் போட்டோம். வெறுமையில் ஒரு கோடு. அதன் முனையில் ஸாலிஹா தமிழில் எழுதினாள், பழுகாமம். உலகத்தில் எவன் திறந்து பார்த்தாலும் இனிப் பழுகாமம் இருக்கும்.


ஒக்டோபர் 8, வியாழன்

முகாமில் பார்க்க விடுகிறார்கள் இல்லையாம். மழை தொடங்கிவிட்டது.


நவம்பர் 22, ஞாயிறு

ரேடியோவில் சொன்னார்கள். அடுத்த மாதம் தொடக்கம் முகாம் ஆட்கள் வெளியில் போய் வரலாமாம். பாஸ் கொடுப்பார்களாம். தவணை முடியத் திரும்பிப் போகவேண்டுமாம்.

மனிசரை ஆரும் இரவல் குடுப்பானுகளா?

ஸாலிஹாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "நானும் வாறன்" என்றாள். புருசன் என்ன சொல்வான் என்றேன். "அவர் கேட்டது ஒண்டுதான். சுலோக்கா நித்திரை தூங்காம ஓடுவாவா எண்டு." வாப்பாதான் பெரிய சண்டையாம். பொம்பிளைகள் தனியாக அவ்வளவு தூரமா என்று காலையில் கத்தினார். மத்தியானம் சாப்பிடவில்லை. பின்னேரம் வந்து, "பின் சீட்டில ஓரத்து இடம் எனக்கு. ஓட்டத்தில வயித்தைப் பிரட்டி எனக்குச் சத்தி வரும்" என்றாராம்.


நவம்பர் 30, திங்கள்

வான் இல்லை.

காலையில் கடைக்குப் போய் வந்தால் முற்றம் வெறுமை. பெரிய மச்சானிடம் வானின் மற்றத் திறப்பு இருந்தது. போன் எடுக்கவில்லை. அயல் வீட்டுக்காரி, அவர்தான் எடுத்துக்கொண்டு போனார் என்றாள்.

பஸ் ஏறிச் செங்கலடிக்குப் போனேன். வழியெல்லாம் ஒவ்வொரு வசனமாய் அடுக்கிக்கொண்டு போனேன், மரியாதையாய்ப் பேசவேண்டும் என்று. சந்தியில் அவருடைய கடைக்கு முன்னால் வான் நின்றது. அதைக் கண்டதும் அடுக்கின வசனம் ஒன்றும் வரவில்லை.

"திறப்பைத் தாங்க."

"உள்ள வா. சனம் பாக்குது."

"பாக்கட்டும். திறப்பைத் தாங்க பெரிய மச்சான்."

சந்தை நாள். மரக்கறி வாங்க வந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், எல்லோரும் நின்றார்கள். அவர் வெளியில் வந்தார். வானுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் பொனட்டில் வைத்தார்.

"ஒருத்தனைக் கடல் கொண்டுபோச்சு. அம்மாவையும் கொண்டுபோச்சு. அவன்ர சாமான் எண்டு இருக்கிறது இது ஒண்டுதான். அதையும் கொண்டுபோய் ஆமிர வாசலில குடுக்கப்போறியா? உன்னையும் சேத்து?"

அழுதார். அவர் அழுது நான் கண்டதில்லை, அன்றைக்குக்கூட.

நான் கையை நீட்டினேன். சொன்னேன். "இதைப் பூட்டி வைச்சா அவர் வருவாரா? என்ர தங்கச்சி முள்ளுக்கம்பிக்குப் பின்னால நிக்காள். அவள் வருவாள். போனா வருவாள்."

அவர் விலகவில்லை. நான் கை நீட்டிக்கொண்டே நின்றேன்.  வத்தகப்பழம் விற்கிற கிழவிதான் கடைசியில் சத்தம் போட்டா: "குடுங்கவன் தம்பி! அவளுக்கு வேலை கிடக்கு."

திறப்பைப் பொனட்டில் வைத்துவிட்டு உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் ஸ்டார்ட் பண்ணி, சந்தியில் ஒரு வட்டம் அடித்து, ஊருக்குக் கிறுகினேன். கை முழுக்க வேர்வை. ஸ்டியரிங் வழுக்கியது.


டிசெம்பர் 4, வெள்ளி

நாளைக்கு. ஸாலிஹா எல்லாப் பாதையையும் தாளிலும் அச்சடித்துத் தந்தாள். "வெள்ளைக்காரி மயங்கி விழுந்தா இதப் பாருங்க." புஸ்பம் அக்கரையிலிருந்து வந்து என் வீட்டில் படுத்திருக்கிறா. கையில் மகனின் படம். அதைத் தலையணைக்குக் கீழே வைக்கவில்லை, மேலே வைத்து அதன்மேல் தலையை வைத்திருக்கிறா.

எனக்கு நித்திரை வரவில்லை. தூங்கடி. காலையில் ஓடவேண்டும்.


டிசெம்பர் 7, திங்கள்

வந்துவிட்டோம். எல்லாவற்றையும் எழுதவேண்டும், மறக்க முதல்.

புனானை தாண்டி மழை. வெலிக்கந்தைப் பக்கம் றோட்டுக்கு மேலால் தண்ணீர் ஓடியது. வாப்பா இரண்டு தரம் சத்தி எடுத்தார். மூன்றாம் தரம் பையைக் கொடுக்க முதலே "அல்ஹம்துலில்லாஹ், வயித்தில ஒண்டுமில்ல" என்றார். ஸாலிஹா முன் சீட்டில், கொம்பியூட்டர் மடியில், அச்சடித்த தாள் கையில். வெள்ளைக்காரி ஒரு வழி சொல்ல, இவள் ஒரு வழி சொல்ல, இரண்டு பெண்களுக்கு நடுவில் நான் ஓடினேன். ஹபரணைக்குப் பிறகு மழை விட்டது. காடு, குளம், காடு. நான் பிறந்த நாட்டில் இவ்வளவு இடம் இருக்கிறதா? சிரிக்கவேண்டும் போல் இருந்தது. சிரித்தேன். பின்னால் புஸ்பம் இருக்கிறா என்று ஞாபகம் வந்து நிறுத்தினேன். அவ சொன்னா, "சிரி புள்ள. நீ சிரிச்சா அவன் கிடைக்கமாட்டான் எண்டு இருக்கா?"

அதற்கு அங்காலே ஒரு சோதனைச் சாவடி. இடத்தின் பெயரை இதில் எழுதமாட்டேன். பெட்டியைக் கண்டார்கள். எல்லோரையும் இறக்கினார்கள். இதை யார் தந்தது, ஏன், எந்த இடங்களைப் பதிந்தாய். வாப்பா சிங்களத்தில் விளங்கப்படுத்தினார். இளம் அதிகாரி பெட்டியைப் பிடுங்கி எடுத்தான். கண்ணாடியில் ஒட்டியிருந்த ரப்பரோடு கழன்று வந்தது, சப்பென்று ஒரு சத்தம்.

"அது என்ர சாமான் எண்டு சொல்லுங்க வாப்பா. போன நிறுவனம் சம்பளத்துக்கு மேல தந்தது எண்டு சொல்லுங்க. களவெடுக்கிறானுகள் எண்டும் சொல்லுங்க."

வாப்பா அவனுக்கு ஏதோ சொன்னார். அவன் தலையசைத்துச் சிரித்தான். நான் சொன்னதில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். பெட்டியைத் தரவில்லை. கொம்பியூட்டரைச் சீட்டுக்குக் கீழே ஸாலிஹா தன் மாற்றுப் பர்தாவால் மூடிவிட்டிருந்தாள்.

பிறகு தாளைப் பார்த்து ஓடினோம். ஒரு இடத்தில் பிழையாகக் கிறுகி அனுராதபுரப் பக்கம் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி வந்தோம். பரவாயில்லை.

இரவு வவுனியாவில் தங்கி, காலையில் முகாம் வாசல். செம்மண் சேறு. கம்பிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கூடாரம், கூடாரம், கூடாரம். பெயர் சொல்லிக் காத்திருந்தோம். ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். ஒரு மனுசி சின்னப் பிள்ளை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தலைமயிர் ஒட்ட வெட்டி இருந்தது. என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தாள். தேடுகிறாள். என்னைத்தான்.

"அஜந்தா!"

நான் அவ்வளவு மாறிவிட்டேனா? அவள்தான் மாறினாள் என்று நினைத்தேன்.

கட்டிப் பிடித்தபோது எலும்பு குத்தியது. அழவில்லை. "அவர் மாத்தளன் சண்டைக்குள்ள போயிட்டார், அக்கா" என்று காதுக்குள் சொன்னாள்.  எழில் ஸாலிஹாவின் பர்தாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாஸ் எழுதினார்கள். திரும்பி வரவேண்டிய திகதியைச் சிவப்பால் கீறிக் காட்டினார்கள். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன்.

புஸ்பம் படத்தைக் கொண்டு ஒவ்வொரு ஆளாய்ப் போனா. வரிசையில் நின்றவர்கள், தண்ணீர் எடுத்தவர்கள், வாசல் காவலில் நின்ற ஆமிக்காரன், யாரையும் விடவில்லை. ஒருவரும் காணவில்லை. ஒரு பெண் மட்டும் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "இப்பிடி எத்தின பிள்ளையள் அம்மா" என்றாள்.

திரும்பி வரும்போது அதே சாவடி. நான் வேகம் குறைத்தேன். இறங்கிக் கேட்கப்போகிறேன் என்று ஸாலிஹாவுக்குத் தெரிந்துவிட்டது. பின்னாலிருந்து அஜந்தாவின் கை என் தோளைப் பிடித்தது. விரல் தோலுக்குள் இறங்கியது.

"நிப்பாட்டாத அக்கா. உன்னைக் கும்பிட்டன். நிப்பாட்டாத."

அடையாள அட்டைகளைக் காட்டிவிட்டு ஓடினேன். என் சாமான் அவர்களிடம். என் தங்கச்சி என்னிடம். கணக்குச் சரி என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். அது கேட்கவில்லை.


டிசெம்பர் 19, சனி

அஜந்தா முற்றத்துக்குக்கூட வருவதில்லை. வான் ஸ்டார்ட் பண்ணினால் எழிலை இழுத்துக்கொண்டு அறைக்குள் போகிறாள்.

பாஸ் நேற்றோடு முடிந்தது. கிராமத்துக் கந்தோரிலிருந்து வந்து கேட்டார்கள், எப்போது திருப்பி அனுப்புகிறாய் என்று. அனுப்பமாட்டேன் என்றேன். சட்டம் என்றார்கள். "அவள் பிறந்த வீடு இது. திரும்பி வரவேண்டிய இடத்துக்கு வந்திட்டாள். பதியிறதெண்டா இஞ்ச பதியுங்க" என்றேன்.

அவர்கள் போனபிறகு கதவைப் பூட்டி அதில் சாய்ந்து நின்றேன். அது அவர்களுக்குத் தெரியாதே.


டிசெம்பர் 26, சனி

ஐந்து வருசம். நாவலடியில் விளக்கு வைக்கிறார்கள். நானும் போனேன், வானில், சிவப்புச் சேலையோடு. வெள்ளை உடுத்தாத விதவை என்று பார்க்கிறவர்கள் பார்த்தார்கள். இந்தச் சேலை இவர் எடுத்தது. இவர் எடுத்ததை இவருக்கு முன்னால் உடுத்த யாரிடம் கேட்கவேண்டும்?

பெரிய மச்சான் வந்திருந்தார். தள்ளி நின்றார். நான் விளக்கேற்ற, காற்று அணைக்க, மூன்றாம் தரம் அவர் தன் உள்ளங்கையை மறைப்பாகப் பிடித்தார். எரிந்தது. பிறகு சொன்னார், "பிறேக் இடப்பக்கம் இழுக்குது. காட்டு." அவ்வளவுதான்.


2010 ஜனவரி 18, திங்கள்

புஸ்பம் விடவில்லை. வவுனியாவில் இன்னுமொரு இடம் இருக்கிறதாம், பிடித்த பொடியன்மாரை வைத்திருக்கிறார்களாம், பெயர் கேட்டால் சொல்வார்களாம். போய்க் கேட்டோம். சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

"செத்தவன் எண்டா எழுதித் தா எண்டன். தரமாட்டானாம். தராட்டி என்ர மகன் உசிரோட கிடக்கான். நான் தேடுவன்." வானுக்குள் ஏறி இருந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னா.

திரும்பி வரும்போது அந்தச் சாவடியில் இம்முறை நான் நிறுத்தினேன். அஜந்தா இல்லை. வாப்பாவும் நானும் புஸ்பமும்தான்.

பெட்டி என்றேன். அப்படி ஒன்றும் இல்லை என்றார்கள். இல்லையென்றால் இல்லை என்று எழுதித் தாருங்கள் என்றேன். வாப்பா என்னைப் பார்த்தார். "இத அப்பிடியே சொல்லவா?" "அப்பிடியே சொல்லுங்க." சொன்னார். இந்தத் தரம் அவன் சிரிக்கவில்லை. பெரியவர் வரும்வரை நில் என்றான். வெருட்டுகிறான். நின்றால் பயந்து போய்விடுவோம் என்று நினைப்பு.

புஸ்பம் இறங்கினா. மணல் மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு மர நிழல். அதில் சப்பாணி கட்டி இருந்து சோற்றுப் பார்சலை விரித்தா. "நிக்கச் சொன்னா நிப்பம். எனக்கு வீட்டில காத்திருக்கிறது ஆரு?" வாப்பாவும் போய் இருந்தார். நானும். புஸ்பம் ஒரு கவளத்தைப் பிசைந்து காவலுக்கு நின்ற பொடியனுக்கும் நீட்டினா. அவன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்தான்.

வெயில் சாய்ந்தபிறகு ஒரு ஜீப் வந்தது. வேறொரு அதிகாரி. உள்ளே போனார், வந்தார், பெட்டியை என் கையில் வைத்தார். ஒரு மூலை வெடித்திருந்தது.  நான் நன்றி சொல்லவில்லை. வாப்பா இருவருக்குமாகச் சேர்த்துச் சொன்னார்.

வானில் மாட்டினேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, திரும்பு என்றாள். வாடி என் வெள்ளைக்காரி.


பெப்ரவரி 9, செவ்வாய்

அஜந்தாவை இங்கேயே பதிந்துவிட்டார்கள். இரவல் முடிந்தது.

பின்னேரம் ஸாலிஹா கொம்பியூட்டரைக் கொண்டு வந்தாள். அஜந்தா முதல் தடவையாகப் பக்கத்தில் இருந்தாள். படத்தை வடக்கே நகர்த்தினாள். புதுக்குடியிருப்பு. அங்கேயும் வெறுமை. அந்த வெறுமையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஸாலிஹா மெதுவாக, "கீறுவமா அக்கா? உங்களுக்குத்தான் றோட்டுத் தெரியும்" என்றாள்.

"இப்ப வேணாம்" என்றாள் அஜந்தா. "ஒரு நாளைக்கு."


மார்ச் 14, ஞாயிறு

இந்த மாதம் நான்காவது ஹயர். ஸ்டாண்டில் பொடியன்மார் எனக்கு ஒரு இடம் விட்டு நிறுத்துகிறார்கள். ஒருவன் கேட்டான், "அக்கா, முல்லைத்தீவுக்கு இப்ப எந்தப் பக்கத்தால விடுறான்?" சொன்னேன். தெரிந்ததைச் சொல்ல எனக்கென்ன.


ஏப்ரல் 17, சனி

புதுவருசம் கழிந்து வீடு அமைதி. நான் பிறேக் எண்ணெய் பார்த்துக்கொண்டு நின்றேன். அஜந்தா முற்றத்துக்கு வந்தாள். வானின் கதவில் சாய்ந்து நின்றாள்.

"அக்கா, குளிர்ற இடம் ஒண்டுக்குப் போவமா?"

"எங்க?"

"நுவரெலியா. பதுளை றோட்டால."

செங்கலடியிலிருந்து ஏறுகிற றோட்டு. சின்ன வயதில் அப்பா சொல்லித்தான் தெரியும். எங்கள் ஆட்கள் அந்தக் காட்டு வழியால் போய் எத்தனையோ வருசம். நேற்றே அவள் ஸாலிஹாவோடு இருந்து பாதை பார்த்திருக்கிறாள், எனக்குச் சொல்லாமல். வெள்ளைக்காரி ஹபரணையைச் சுற்றிக் கண்டிக்குப் போகச் சொல்கிறாளாம். "அவ சொல்லட்டும். நாங்க நேர ஏறுவம்" என்றாள் என் தங்கச்சி. நான் எண்ணெய்க் கையோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெரிய மச்சானுக்குச் சொன்னேன். "அந்த றோட்டாலயா? உனக்கென்ன விசரா?" என்று கத்தினார். கொஞ்சம் பொறுத்து, "சந்தியில நிண்டு என்னையும் ஏத்து" என்றார். வாப்பாவும் வருகிறார், ஒரு கட்டுப் பையோடு. புஸ்பத்தையும் கேட்டேன். கொழும்பில் ஒரு இடத்தில் பெயர் கொடுக்கவேண்டுமாம், அடுத்த தரம் வருகிறேன் என்றா. அந்தக் கொழும்புப் பாதையும் பார்த்து வைக்கவேண்டும்.

எழில் தன் சட்டைகளை ஒரு பையில் அடுக்கினாள். எல்லாவற்றையும், ஒன்றும் மிச்சம் விடாமல். இரண்டு நாளில் திரும்பி வந்துவிடுவோம், இவ்வளவும் எதற்கு என்று பாதியை எடுத்து அலுமாரியில் வைத்தேன். நம்பாமல் பார்த்தாள்.

"அங்க ஆரைப் பெரியம்மா தேடப் போறம்?"

"ஒருத்தரையும் இல்லடி. சும்மா பாக்கப் போறம்."

"சும்மா எண்டா?"

நானும் அஜந்தாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அஜந்தா அவளைத் தூக்கிக்கொண்டு போய் வானின் முன் சீட்டில் இருத்தி, கண்ணாடி வழியே றோட்டைக் காட்டினாள்.